பிரசவத்தில் வலி மருந்து: கேட்கும் நேரமும் கிடைக்கும் நேரமும்

முதுகில் ஊசி போட்டுக்கொள்ளலாமா, வேண்டாமா என்ற ஒரே கேள்வியோடுதான் பெரும்பாலோர் ஒன்பதாம் மாதத்தை எட்டுகிறார்கள். பிரசவ அறைக்குள் போனதும் அது நேரக் கணக்காக மாறிவிடுகிறது. முகமூடி அல்லது வாய்க்குழல் வழியாக இழுக்கும் வாயு அரை நிமிடத்தில் ஏற ஆரம்பிக்கும். தசையில் போடும் பெத்திடின் ஊசிக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். முதுகில் போடும் அந்த ஊசி, அதாவது எபிடியூரல் என்றால், வேண்டும் என்று சொன்னதிலிருந்து வலி அடங்கும்வரை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருத்துவர் வந்து சேர அரை மணி வரை ஆகலாம், ட்ரிப்ஸ் ஏற்றி ஊசி வைத்து முடிக்க ஒரு 20 நிமிடம், மருந்து முழுதாகப் பிடிக்க இன்னொரு 20 நிமிடம்.

"இனிமேல் முடியாது" என்று ஆன பிறகு கேட்பவர், அந்த ஒரு மணி நேரத்தையும் அதே வலியோடுதான் தாண்ட வேண்டும். "இதே போக்கில் போனால் கொஞ்ச நேரத்தில் என்னால் முடியாது" என்று தோன்றும்போதே கேட்டுவிடுவது நல்லது. மருந்தே வேண்டாம் என்று இருப்பவரும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கட்டாயம் வேண்டும் என்பவரும் மருந்தில்லாத சில மணி நேரத்துக்குத் தயாராகப் போக வேண்டும். ஏனென்றால் ஆரம்ப வலியின் பெரும்பகுதி வீட்டில்தான் கழியும்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பின்னால் பல விஷயம் இதனால் புரியும். முதல் கட்டத்தில் கருப்பை இறுகுவதும் கருப்பை வாய் விரிவதும்தான் வலி. அதைச் சுமக்கும் நரம்புகள் முதுகுத்தண்டின் பத்தாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலிருந்து முதல் இடுப்பு முள்ளெலும்பு மட்டம் வரை உள்ளே நுழைகின்றன. அதனால்தான் அடிவயிறு, கீழ் முதுகு, தொடை என்று பரவலாகத் தெரிகிறது. குழந்தையின் தலை கீழே இறங்கியதும் பிறப்புப் பாதையும் ஆசனவாய்ப் பக்கமும் இழுபடும் வலி சேர்கிறது. அது வேறு நரம்புகள், இடுப்பெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வருபவை. மணிக்கணக்காக அருமையாக வேலை செய்த எபிடியூரல் கடைசியில் "கீழே அழுத்துது" என்பதை மட்டும் முழுதாக மறைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். மருந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆரம்ப வலியில் ஆற்றலைத் தொலைக்காதீர்கள்

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவ வலியின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து முழுத் திறப்பு வரை தலைச்சன் பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்தையும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை. அதற்கு முந்தைய கட்டத்துக்கு இப்படி வரையறை கிடையாது. சிலருக்கு ஒரு நாளைக்கும் மேலே இழுக்கும்.

எங்கள் அறைக்கு வருபவர்களில் அதிகம் துவண்டு போய் வருபவர்கள் இந்தக் கட்டத்தைத் தூங்காமல், சாப்பிடாமல், ஒவ்வொரு வலியையும் கடிகாரத்தில் குறித்துக்கொண்டே கழித்தவர்கள். 3 செ.மீ. திறப்பிலேயே அவர்களிடம் சக்தி மிஞ்சியிருக்காது. மருந்து கேட்க வைப்பது பல நேரம் வலியைவிட இந்தக் களைப்புதான். ஆகவே ராத்திரி வலி எடுத்தால் முடிந்த மட்டும் படுத்துத் தூங்கப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், கீழ் முதுகில் சூடான ஒத்தடம், கொஞ்சம் கொஞ்சமாக உணவு, இரண்டு மணிக்கொரு முறை சிறுநீர் கழிப்பது. இந்தக் கட்டத்துக்கு இவ்வளவு போதும். முதுகில் ஒட்டி மெல்லிய மின்னதிர்வு கொடுக்கும் டென்ஸ் கருவி ஆரம்பத்தில் சிலருக்கு உதவுகிறது; தீவிர வலி வந்த பிறகு அதை நம்ப வேண்டாம்.

மருந்தில்லா வழிகளில் மிக வலுவான ஆதாரம் உள்ளது ஒரு மனிதருக்குத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பு 26 ஆய்வுகளையும் 15,000க்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. வலி நேரம் முழுக்க ஒருவர் விட்டுப் பிரியாமல் கூட இருந்த பெண்களுக்கு வலி மருந்தின் தேவையும் சிசேரியனும் குறைந்தன, இயல்பான பிரசவம் கூடியது. இதில் "விட்டுப் பிரியாமல்" என்பதுதான் முக்கியம். போன் பேசப் போய்ப் போய் வரும் ஆள் கணக்கில் சேர மாட்டார்.

தொட்டித் தண்ணீரில் அமர்வதும் முதல் கட்ட வலியைத் தணிக்கும். தண்ணீரின் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாயின் உடல் சூடும் குழந்தையின் இதயத் துடிப்பும் ஏறும். பெத்திடின் போன்ற ஊசி போட்டிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குத் தொட்டியில் இறங்கக் கூடாது. மயக்கம் தெளியவில்லை என்றால் அதற்குப் பிறகும் கூடாது.

முதுகிலேயே வலி நிற்கிறது, இரண்டு வலிக்கு நடுவிலும் விடவில்லை என்றால், பல நேரம் குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கும். கை கால் ஊன்றி மண்டியிடுவதும், வலி வரும்போது இன்னொருவர் உள்ளங்கை அடிப்பகுதியால் இடுப்புக்குக் கீழே நடு எலும்பில் அழுத்திப் பிடிப்பதும் அதற்கு உதவும். தடவிக் கொடுத்தால் பலன் இல்லை, ஆள் சாய்ந்து நின்று முழு எடையையும் கொடுத்து அழுத்த வேண்டும். சில இடங்களில் கீழ் முதுகில் நான்கு புள்ளிகளில், தோலுக்குள் 0.1 மி.லி. அளவு கிருமி நீக்கிய வெறும் தண்ணீரை ஏற்றுகிறார்கள். அரை நிமிடம் குளவி கொட்டினாற்போல எரியும். பிறகு முதுகு வலி இரண்டு மணி நேரம் வரைகூட அடங்கும். மருந்தே இல்லாததால் குழந்தைக்கு ஒன்றும் போகாது. வயிற்று வலிக்கு இது பிரயோஜனமில்லை.

வாயு: அரை நிமிடம் முன்னால் ஓடுவது

பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். இதைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறான நேரத்தில் இழுத்தவர்கள்.

ஒரு வலி ஏறத்தாழ ஒரு நிமிடம் நிற்கிறது, உச்சம் நடுவில். வாயு வேலை செய்யத் தொடங்க 20 முதல் 30 விநாடி, முழு பலனுக்கு 45 முதல் 60 விநாடி. வலி உச்சத்தை எட்டிய பிறகு முகமூடியை எடுத்தால், வலி இறங்கிய பிறகுதான் வாயு ஏறும். அதாவது வலியை முழுதாக அனுபவித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் தலைசுற்றலோடு கிடப்பீர்கள். "எனக்கு அது ஒத்துக்கல, தலைதான் சுத்திச்சு" என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது.

செய்ய வேண்டியது இது. கூட இருப்பவர் ஒரு கையை வயிற்றின் மேல் பாகத்தில் லேசாக வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு வலி தெரியும் முன்பே அந்தக் கைக்குக் கருப்பை கல் மாதிரி இறுகுவது தெரியும். "வருது" என்று அவர் சொன்னதும் வாய்க்குழலை உதட்டால் காற்றுப் போகாமல் கவ்வி, நிதானமாக ஆழமாக இழுங்கள். மூச்சை உள்ளே இழுத்தால்தான் வால்வு திறக்கும்; திறந்தால் சத்தம் கேட்கும். சத்தம் வரவில்லை என்றால் காற்று வேறு வழியில் போகிறது. மூச்சை விடுவதும் குழல் வழியாகத்தான், அப்போதுதான் வாயு அறையில் பரவாது. உச்சம் தாண்டி வலி இறங்கும்போது குழலைக் கீழே வைத்துவிட வேண்டும். வேகவேகமாக மேல்மூச்சு வாங்கினால் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், கை கோணும். அது வாயுவால் வருவதல்ல, மூச்சு வேகத்தால் வருவது.

குழலை நீங்களேதான் பிடிக்க வேண்டும். பாசத்தில் வேறு யாரும் முகத்தில் வைத்துப் பிடித்துவிடக் கூடாது. அளவு மீறி மயக்கம் வந்தால் உங்கள் கை தானாகத் தளர்ந்து குழல் விழும். இதன் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

நன்மை என்னவென்றால், நிறுத்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும், குழந்தை தூங்கி விழாது, மயக்க மருத்துவருக்குக் காத்திருக்க வேண்டாம், எபிடியூரல் வரும் வரையிலான அந்த ஒரு மணி நேரத்துக்கும் பாலமாக இருக்கும். குறை, இது வலியைப் போக்காது. வலிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தூரத்தை மட்டும் உண்டாக்கும். குமட்டலும் வாய் உலர்தலும் உண்டு. கடுமையான பி12 குறைபாடு உள்ளவர்களும், விழித்திரை அறுவை சிகிச்சைக்காகச் சமீபத்தில் கண்ணுக்குள் வாயு ஏற்றியவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

பெத்திடின்

50 முதல் 100 மி.கி., தசையில். பலன் இரண்டு முதல் நான்கு மணி நேரம். வலியைக் குறைப்பதைவிடக் கிறக்கம் கொடுப்பதுதான் இதில் அதிகம். ஆரம்பக் கட்டத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் தவிப்பவருக்கு இரண்டு மணி நேரம் கண்ணயர உதவும் என்ற அளவில் இதற்கு ஓர் இடம் உண்டு. தீவிர வலிக்கு இதை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்: வலி இருக்கும், அதைச் சமாளிக்கும் தெளிவு இருக்காது.

சிக்கல், குழந்தை பிறக்கும் நேரம். மருந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஊசி போட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள், குறிப்பாக இரண்டு மூன்று மணி நேரத்தில் பிறந்தால், குழந்தை மூச்சு விடச் சுணங்கலாம். உடனே கவனித்துக்கொள்ள ஆளும், மருந்தை முறிக்கும் நலாக்சோனும் அறையில் இருக்க வேண்டும். பெத்திடின் உடைந்து உண்டாகும் நார்பெத்திடின் பிறந்த குழந்தையின் உடலில் நாள் கணக்கில் தங்கும். அதனால் முதல் ஓரிரு நாள் பால் குடிக்கச் சோம்பலாக இருக்கலாம். ஆகவே ஊசிக்கு முன் உள்பரிசோதனை செய்து எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பிரசவத்தில் 7 செ.மீ.க்குப் பிறகு பெத்திடின் என்றால் "வேண்டாம், வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்பது நியாயமே. வாந்தி வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே போடச் சொல்லலாம்.

எபிடியூரல் போட முடியாத சிலருக்கு ரெமிஃபென்டானில் என்ற மருந்தை, பொத்தானை அழுத்தினால் ரத்தக்குழாயில் ஏறும்படி கொடுக்கிறார்கள். சில நிமிடத்தில் உடலிலேயே உடைந்து மறைந்துவிடும். தாயின் மூச்சையே அது குறைக்கக் கூடும் என்பதால் ஒரு நர்ஸ் நகராமல் பக்கத்திலேயே இருந்து ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் இதைக் கேட்காதீர்கள்.

எபிடியூரல்

வலியைக் குறைப்பதில் இதற்கு இணை வேறு இல்லை. இதைக் கேட்கப் பெண்ணுக்குத் தனியாக ஒரு மருத்துவக் காரணம் தேவையில்லை, வலிக்கிறது என்று அவள் கேட்பதே போதுமான காரணம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி எடுத்த நிலை. 1853 ஏப்ரலில் மருத்துவர் ஜான் ஸ்நோ விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தபோதும் "வலி இயற்கையின் ஏற்பாடு, கைவைக்கலாமா?" என்ற சண்டை இருந்தது. அந்த வாதத்தைக் கிளப்புபவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர்கள் இல்லை.

முன்வேலை கர்ப்பத்திலேயே தொடங்குகிறது. ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும். 70,000க்குக் கீழே போனால் பெரும்பாலும் போட மாட்டார்கள், அதற்கு மேல் ஆளைப் பார்த்து முடிவெடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் வகை ஊசி போட்டுக்கொள்பவர்கள், தடுப்பு அளவு என்றால் கடைசி ஊசியிலிருந்து 12 மணி நேரமும், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும். வலி எடுத்ததும் வழக்கம்போல அடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வருவது அடிக்கடி நடக்கும் தவறு. வலி தொடங்கினால் ஊசியை நிறுத்திவிட்டுப் போன் செய்து கேளுங்கள். முதுகெலும்பு அறுவை, முதுகு வளைவு, இதய நோய், முன்பு மயக்க மருந்தில் ஏதாவது பிரச்சினை இருந்தவர்கள் எட்டாம் மாதத்திலேயே மயக்க மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும்.

ஊசி வைக்கும்போது நடப்பது: கையில் ட்ரிப்ஸ். கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பார்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். குனியச் சொன்னால் எல்லோரும் தோளைத்தான் குனிப்பார்கள். அது பயனில்லை. கால் ஒரு ஸ்டூலில் ஊன்றி, தலையணையை மடியில் கட்டிப்பிடித்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, இடுப்புக்கு மேலுள்ள கீழ் முதுகை மட்டும் மருத்துவரின் பக்கம் பின்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் முள்ளெலும்புகளின் இடைவெளி விரியும். ஜில்லென்று மருந்துத் தண்ணீர் தடவி, தோல் மரக்க ஒரு சின்ன ஊசி. சுரீர் என்பது அதோடு சரி. பிறகு தெரிவது அழுத்தம்.

பெரிய ஊசி பொதுவாக மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளின் நடுவே போகிறது. பெரியவர்களில் தண்டுவடம் பெரும்பாலும் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுவதால் இடம் அதற்குக் கீழே. மருத்துவர் உப்பு நீர் நிரப்பிய சிரிஞ்சைக் கட்டைவிரலால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே முன்னேறுவார். தசைநார் கெட்டியாக எதிர்க்கும். தோலிலிருந்து பெரும்பாலோருக்கு 4 முதல் 6 செ.மீ. ஆழத்தில் அந்த எதிர்ப்பு சட்டென்று விட்டுக்கொடுக்கும். அதுதான் இடம். ஊசிக்குள்ளே மெல்லிய குழாயை விட்டு, 4 அல்லது 5 செ.மீ. உள்ளே நிறுத்தி, ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். முதுகில் ஊசி இருக்காது. மல்லாந்து படுத்தாலும் குத்தாது.

இதற்குள் நாலைந்து வலி வந்து போகும். வலி தொடங்கும்போது "வருது" என்று சொல்லிவிட்டால் மருத்துவர் கையை நிறுத்திக்கொள்வார். சொல்லாமல் சட்டென்று நெளிவதுதான் ஆபத்து. ஒரு காலில் மின்சாரம் பாய்ந்தது மாதிரி இருந்தால் அசையாமல் எந்தக் கால் என்று மட்டும் சொல்லுங்கள். குழாய் அந்தப் பக்க நரம்பைத் தொட்டிருக்கிறது, அவர் திருத்திக்கொள்வார். முதலில் ஒரு சிறு சோதனை அளவு மருந்து. காதில் ரீங்காரமோ வாயில் உலோகச் சுவையோ வந்தால் குழாய் ரத்தக்குழாயில் இருக்கலாம். கால் உடனே கனத்துப்போனால் இன்னும் உள்ளே தண்டுவட நீருக்குள் போயிருக்கலாம். இரண்டையும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

இப்போது கொடுப்பது பெரும்பாலும் மிக நீர்த்த மருந்து: 0.1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான பியூபிவக்கைன் என்ற மரக்க வைக்கும் மருந்து, கூடவே மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டானில் என்ற வலி மருந்து, தொடக்கத்தில் 10 முதல் 15 மி.லி. இதில் வலி போகும், காலை அசைக்க முடியும். கால் மரக்கட்டையாகிப் போனால் மருந்து தேவைக்கு மேல் என்று பொருள், குறைக்கச் சொல்லலாம். முதல் கால் மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிபி இறங்குவதன் முதல் அடையாளம் பல நேரம் மானிட்டரில் தெரியாது. திடீர்க் குமட்டலும் "ஒரு மாதிரி இருக்கு" என்ற உணர்வும்தான் முந்திக்கொண்டு வரும். குழந்தையின் இதயத் துடிப்பும் அப்போது இறங்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ட்ரிப்ஸை வேகப்படுத்தி, பிபி ஏற்றும் மருந்து கொடுத்தால் சில நிமிடத்தில் சரியாகும். உடம்பு அரிப்பது ஃபென்டானிலால், அலர்ஜி என்று பயப்பட வேண்டாம்.

இருபது நிமிடம் ஆனதும் இரண்டு பக்கமும் ஐஸை வைத்துச் சோதிக்க வேண்டும். தொப்புள் வரை ஜில்லிப்பு தெரியாமல் இருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால் குழாயின் நுனி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு செ.மீ. வெளியே இழுத்து, வலிக்கும் பக்கம் கீழே வரும்படி படுக்க வைத்து, இன்னொரு அளவு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். அரை மணியில் மாற்றம் இல்லை என்றால் குழாயை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே மேல்.

இந்த இடத்தில் பலர் கூச்சப்பட்டு "பரவாயில்லை, முன்ன விட கொஞ்சம் தேவலை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அது கூடாது. நடுராத்திரியில் அவசர சிசேரியன் தேவைப்பட்டால், நன்றாக வேலை செய்யும் எபிடியூரலில் வீரியமான மருந்து 15, 20 மி.லி. ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அறுவைக்குத் தயாராகிவிடலாம். அரைகுறையாக வேலை செய்யும் குழாயால் அது முடியாது. புதிதாக ஸ்பைனல் (தண்டுவட நீருக்குள்ளேயே போடும் ஊசி) அல்லது முழு மயக்கம்தான் வழி. பிரிட்டனின் மகப்பேறு மயக்க மருத்துவர் சங்கம் பெண்களுக்குத் தரும் தகவல் அட்டையில், எபிடியூரல் போதுமான அளவு வலியைக் குறைக்காமல் போவது 8 பேரில் ஒருவருக்கு என்று இருக்கிறது. அது அபூர்வம் இல்லை, ஆகவே சொல்லிச் சரிசெய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம்.

அதே அட்டையின் மற்ற எண்கள்: கணிசமாக பிபி இறங்குவது 50இல் ஒருவருக்கு, கடுமையான தலைவலி 100இல் ஒருவருக்கு, காலில் தற்காலிக மரமரப்பு 1,000இல் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நரம்புப் பாதிப்பு 13,000இல் ஒருவருக்கு, உடல் செயலிழப்பு உள்ளிட்ட கடும் பாதிப்பு 2,50,000இல் ஒருவருக்கு. இந்த எண்களை வலி எடுப்பதற்கு முன்னால் படியுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு வலி வரும்போது யாரும் படித்து எதையும் எடை போட முடியாது.

சொல்லப்படுவதும் ஆய்வு சொல்வதும் பல இடத்தில் ஒத்துப்போவதில்லை. எபிடியூரலால் சிசேரியன் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 காக்ரேன் தொகுப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆயுளுக்கும் முதுகு வலி என்பதும் அப்படியே. ஊசி குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். "4 செ.மீ. ஆகட்டும், அப்புறம் போடலாம்" என்பதற்கும் அடிப்படை இல்லை, முன்னால் போட்டவர்களுக்கும் பின்னால் போட்டவர்களுக்கும் பிரசவ முறையில் வித்தியாசம் வரவில்லை.

உண்மையான விலைகள் வேறு. முக்கும் கட்டம் நீளும். ஆயுத உதவியுடன் (ஃபோர்செப்ஸ், வாக்யூம்) பிரசவம் பழைய, வீரியமான மருந்துகளில் அதிகமாகத்தான் இருந்தது. 2005க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்தக் கூடுதல் தெரியவில்லை. சிலருக்குக் காய்ச்சல் வரும், அது தொற்றா எபிடியூரலாலா என்று பிரிப்பது கஷ்டம் என்பதால் குழந்தைக்கும் கூடுதல் கண்காணிப்போ ரத்தப் பரிசோதனையோ நடக்கலாம். சிறுநீர் நிரம்பியது தெரியாது. நிரம்பிய பை தலை இறங்குவதை மறிக்கும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கையும் கூட்டும். அதனால் சில மணிக்கொரு முறை குழாய் விட்டு எடுப்பார்கள்.

முக்கும் கட்டத்தில் ஒரு விஷயம் எதிர்பாராதது. எபிடியூரல் போட்ட தலைச்சன் பெண்களை, பிரிட்டனில் 3,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2017இல் வெளியான பம்ப்ஸ் ஆய்வில், நிமிர்ந்து உட்கார்ந்தவர்களைவிட ஒருக்களித்துப் படுத்தவர்களுக்கே ஆயுத உதவியில்லாத பிரசவம் அதிகம்: 41.1 சதவீதம், எதிரே 35.2. மருந்தில்லாதபோது நிமிர்ந்திருப்பதே நல்லது என்று எல்லோரும் சொல்வதை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. இன்னொன்று, முக்கத் தெரிய வேண்டும் என்று கடைசியில் மருந்தை நிறுத்துவது. ஆயுதப் பிரசவம் அதனால் குறையும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, வலி மட்டும் திரும்பி வருகிறது. நிறுத்தச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

யாருக்கு எந்தப் பக்கம் சாயலாம்

கர்ப்பகால ரத்த அழுத்தம் கூடியவர்கள் (தட்டணு சரியாக இருந்தால்), இரட்டைக் குழந்தை, சில இதய நோய்கள், மிகுந்த உடல் பருமன்: இவர்கள் சீக்கிரமே எபிடியூரல் வைத்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர்களே சொல்வார்கள். பருமனானவர்களுக்கு இடம் கண்டுபிடிக்க நேரம் ஆகும்; அவசரத்தில் அந்த நேரம் இருக்காது. மருந்து ஏற்றி வலி வரவைப்பவர்களுக்கு வலி படிப்படியாக ஏறாமல் திடுமென்று கூடும், இடைவெளியும் குறையும். இயற்கை வலியை வைத்துப் போட்ட திட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. முந்தைய சிசேரியன் இருந்தால் எபிடியூரல் கூடாது என்பது சரியல்ல.

இரண்டாம், மூன்றாம் பிரசவம், 8 செ.மீ. திறப்பு, வலி மூன்று நிமிடத்துக்கொன்று என்றால், எபிடியூரல் பிடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிடும் வாய்ப்பு நிறைய. அங்கே வாயு போதும், அல்லது ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் ஒற்றை ஸ்பைனல் ஊசியைக் கேட்கலாம். தலைச்சன் பிரசவத்தில் 8 செ.மீ. என்பது வேறு கதை. முழுத் திறப்புக்கும் பிறகு முக்குவதற்கும் இன்னும் சில மணி நேரம் இருக்கலாம், "இனிமேல் போட முடியாது" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். ஆயுதம் வைக்க வேண்டி வந்து எபிடியூரல் இல்லையென்றால், பிறப்புப் பாதையின் அடிப்பகுதிக்குப் போகும் புடெண்டல் நரம்பை இரண்டு பக்கமும் மரக்க வைக்கும் ஊசி உண்டு. தையலுக்கும் அந்த இடம் மரத்த பிறகே ஊசி நுழைய வேண்டும், வலித்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

8 செ.மீ.யிலிருந்து 10 வரை உடம்பு நடுங்கும், வாந்தி வரும், "வீட்டுக்குப் போறேன், விடுங்க" என்பார்கள். மருந்து வேண்டாம் என்று உறுதியாக இருந்தவர்கள் மனம் மாறும் இடமும் இதுதான். அப்போது உள்பரிசோதனை கேட்டால் முடிவு எளிதாகும். 9 செ.மீ. என்று தெரிந்ததும் பலருக்கு அந்த எண்ணே போதுமானதாக இருக்கிறது. 5 செ.மீ. என்று தெரிந்தால் அப்போதே ஊசி கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை.

கூட இருப்பவருடன் ஓர் ஒப்பந்தம் முன்கூட்டியே இருக்கட்டும். வலியின் உச்சத்தில் "ஊசி போடச் சொல்லு" என்று கத்தினால், வலி இறங்கும் வரை காத்திருந்து, அமைதியான இடைவெளியில் ஒரே ஒரு முறை கேட்க வேண்டும்: "இப்ப நிஜமாவே வேணுமா?" ஆமாம் என்றால் உடனே நர்ஸிடம் போக வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம் பாரேன், நீதானே வேண்டாம்னே" என்று பேரம் பேசக் கூடாது. மேலே சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு அந்தப் பேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.

ஃபைலில் வைக்கும் குறிப்பும் "எபிடியூரல் வேண்டாம்" என்ற ஒற்றை வரியாக இருப்பதைவிட, "வாயுவோடு ஆரம்பிக்கிறேன். தூக்கமில்லாமல் ஒரு ராத்திரி போய்விட்டாலோ, வலி வரவைக்கும் மருந்து ஏற்றினாலோ எபிடியூரல் கேட்பேன். பெத்திடின் வேண்டாம்" என்பது போல இருந்தால் நர்ஸுக்கும் உதவும். மருத்துவமனையில் முன்பே கேட்க வேண்டியவை: மயக்க மருத்துவர் ராத்திரியும் ஞாயிறும் கட்டடத்திலேயே இருக்கிறாரா, கூப்பிட்டால்தான் வருவாரா? வாயு உண்டா? எபிடியூரல் போட்ட பிறகு மருந்தை யார் கூட்டுவார்கள், பொத்தான் என் கையில் இருக்குமா? கூப்பிட்டால்தான் வருவார் என்றால் உங்கள் ஒரு மணி நேரக் கணக்கை ஒன்றரையாக்கிக்கொள்ளுங்கள்.

பிரசவம் முடிந்த பிறகும் கண்காணிக்க வேண்டியது இரண்டு. கடைசி மருந்து ஏறி நான்கு மணி நேரம் ஆனதும் காலை நீட்டியபடி கட்டிலிலிருந்து தூக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றாலும், மரப்பு விட்ட பிறகு மீண்டும் மரத்தாலும், "தானா சரியாயிடும்" என்று படுத்திருக்காமல் மயக்க மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். முதுகுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மணிக்கணக்கில் செய்ய வேண்டிய அவசரம். அடுத்தது தலைவலி. உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் விடும் என்றால், ஊசி உள்சவ்வில் துளை போட்டிருக்கலாம். முதல் மூன்று நாளில், சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகு தெரியும். மாத்திரையில் அடங்காவிட்டால் உங்கள் கையிலிருந்தே 15 முதல் 20 மி.லி. ரத்தம் எடுத்து முதுகில் அதே இடத்தில் ஏற்றி அடைப்பார்கள், பெரும்பாலோருக்கு விரைவிலேயே வித்தியாசம் தெரியும். படுத்தாலும் விடாத தலைவலி, பார்வை மங்கல், காய்ச்சல், கழுத்து இறுக்கம், வலிப்பு என்று எது சேர்ந்தாலும் அதை ஊசித் தலைவலி என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வரும் ரத்த அழுத்தமோ மூளை ரத்தக்குழாய் அடைப்போ மூளைக்காய்ச்சலோ கூட இப்படி வரும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.